அழுக்குத் துணியா, பக்கத்துப் படுக்கையா?

சிரங்கு பிடித்த ஒரு ராணுவ வீரர் நாள்கணக்கில் உடுத்திய உள்ளாடை. துவைக்கவில்லை. அதை அப்படியே எடுத்து நீங்கள் உடுத்திக்கொள்ள வேண்டும். இரவில் அவர் போர்த்திய கம்பளியை வெற்றுடம்பில் சுற்றிக்கொண்டு தூங்க வேண்டும். சம்மதிப்பீர்களா?

1941ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் சில இளைஞர்கள் சம்மதித்தார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். துப்பாக்கி ஏந்தி ஓர் உயிரைக் கொல்ல மாட்டோம் என்று மனசாட்சியின் பேரில் ராணுவத்தில் சேர மறுத்தவர்கள் அவர்கள். கோழைகள் என்று ஊரார் பலர் ஏசினார்கள். அதே இளைஞர்கள்தாம், மற்றவர்கள் தொடவே தயங்கும் துணிகளைத் தங்கள் உடம்பில் போட்டுக்கொள்ள முன்வந்தார்கள். அவர்களைத் திரட்டியவர் கென்னத் மெல்லன்பி என்னும் பூச்சியியல் அறிஞர்.

அவருக்கு விடை தேவைப்பட்ட கேள்வி எளிமையானது. சிரங்கு எதன் வழியாகப் பரவுகிறது? துணி வழியாகவா, மனிதர் வழியாகவா?

போர்க்காலத்தில் பிரிட்டனில் சிரங்கு வேகமாகப் பரவியிருந்தது. அது கம்பளியிலும் உள்ளாடையிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது என்றே பலரும் நம்பினார்கள். அதனால் ஒரு வீரருக்குச் சிரங்கு என்றால் அவருடைய சீருடை, போர்வை எல்லாவற்றையும் சூட்டில் வைத்துக் கிருமிநீக்கம் செய்வார்கள். எரிபொருளுக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடான காலத்தில் அதற்கென்று வண்டிகளும் கொதிகலன்களும் ஓடிக்கொண்டிருந்தன.

மெல்லன்பியின் தொண்டர்கள் அழுக்கு உள்ளாடைகளை உடுத்தினார்கள். நோயாளிகள் போர்த்திய கம்பளிகளில் தூங்கினார்கள். வாரங்கள் ஓடின. யாருக்கும் அரிக்கவில்லை. ஆராய்ச்சியை நீட்டித்துக்கொண்டே போனபோதும் துணி வழியாகத் தொற்றியது மிகச் சிலருக்கு மட்டுமே. பிறகு அடுத்த கட்டமாக, சிரங்கு உள்ளவர்களோடு ஒரே படுக்கையில் தொண்டர்கள் படுத்துத் தூங்கினார்கள். இப்போது சிரங்கு வந்தது.

இப்படியோர் ஆராய்ச்சிக்கு இன்று எந்த நெறிமுறைக் குழுவும் எளிதில் அனுமதி தராது. தொண்டர்களில் சிலர் சிகிச்சை எடுத்துக்கொள்ளாமல் மாதக்கணக்கில் அரிப்பைப் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் தோலில் எழுதப்பட்ட விடை இன்றைக்கும் மாறவில்லை. விடுதியில் ஒரு மாணவருக்குச் சிரங்கு வந்துவிட்டால் நாம் செய்கிற முதல் காரியம் என்ன? துணிமணிகளை எல்லாம் அள்ளி வெந்நீரில் போடுகிறோம், மெத்தையை வெயிலில் போடுகிறோம், அந்த மாணவரைத் தள்ளி வைக்கிறோம். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மருந்து தடவ மட்டும் மறந்துவிடுகிறோம். ஒரு மாதம் கழித்துச் சிரங்கு திரும்பி வரும்போது, துணி சரியாகத் துவைக்கப்படவில்லை என்று பழி துணியின் மேல் விழுகிறது.

பதினொரு பூச்சிகள்

மலாயில் 'குடிஸ் பூத்தா' என்று சொல்லப்படும் இந்தச் சிரங்கை உண்டாக்குவது ஒரு சிற்றுண்ணி. பேச்சுவழக்கில் பூச்சி என்றாலும் இது பூச்சி இனம் அல்ல. வளர்ந்தபின் எட்டுக் கால்கள் இருக்கும். சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. பெண் சிற்றுண்ணியின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அது தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டி, அதற்குள்ளேயே வாழ்ந்து, நாளுக்கு 2 அல்லது 3 முட்டைகள் இட்டுக்கொண்டு போகும். ஆயுள் ஒன்று முதல் இரண்டு மாதங்கள். பறக்கத் தெரியாது, குதிக்கத் தெரியாது. நடக்கத்தான் தெரியும், அதுவும் நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்.

உடம்பெல்லாம் சொறிந்துகொள்ளும் ஒருவரிடம் இவை எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஆயிரக்கணக்கில்? மெல்லன்பியின் குழு 886 நோயாளிகளின் தோலில் பெண் சிற்றுண்ணிகளை ஒவ்வொன்றாகத் தேடி எண்ணியது. சராசரி 11. கால்பந்து அணி ஒன்றின் எண்ணிக்கைதான். அவற்றில் பெரும்பாலானவை கைகளிலும் மணிக்கட்டுகளிலும் இருந்தன. உடம்பில் மற்ற இடங்களில் தெரியும் தடிப்புகளில் பல, சிற்றுண்ணி இருக்கும் இடங்களே அல்ல. சிற்றுண்ணிக்கும் அதன் கழிவுக்கும் எதிராக நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் காட்டும் எதிர்வினை அது.

பதினொன்றும் தோலுக்குள் குடியிருக்கின்றன என்றால், சட்டையில் எத்தனை இருக்க முடியும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. தப்பித்தவறி ஒன்று துணியில் விழுந்தாலும் அதற்குக் காத்திருப்பது வறட்சி.

இங்கே கொஞ்சம் கணக்கு. ஒரு கோளத்தின் மேற்பரப்பை அதன் கன அளவால் வகுத்தால், 6 வகுத்தல் விட்டம் என்று சுருங்கும். சிற்றுண்ணியை 0.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை என்று வைத்துக்கொள்வோம். 6ஐ 0.4ஆல் வகுத்தால் 15. அதாவது ஒவ்வொரு கன மில்லிமீட்டர் உடலுக்கும் 15 சதுர மில்லிமீட்டர் மேற்பரப்பு. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பெரிய பந்துக்கு இதே கணக்கைப் போட்டால் 0.015தான் வரும். ஆயிரம் மடங்கு வித்தியாசம். உடலின் நீர் மேற்பரப்பு வழியாகத்தான் ஆவியாகிறது. உருவம் சிறுக்கச் சிறுக்க, இருக்கிற நீருக்கு ஒப்பிட்டால் அது தப்பிக்கும் வாசல் பெருத்துக்கொண்டே போகிறது.

தோலுக்குள் இருக்கும்வரை சிற்றுண்ணிக்கு இந்தக் கவலை இல்லை. சூடும் ஈரமும் உணவும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. துணிக்கு வந்துவிட்டால், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இழந்த நீரை ஈடுகட்ட அதற்குத் தெரியாது. பொதுவாக 2 முதல் 3 நாள்களுக்குள் செத்துப்போகிறது. சாவதற்கு முன்பே தளர்ந்துவிடுவதால், இன்னொருவர் தோலைத் துளைத்துப் புகும் வலு அதற்கு இருப்பதில்லை.

அரிப்பு பிந்தி வரும்

அப்படியானால் துணியின் மேல் ஏன் இவ்வளவு சந்தேகம்? காரணம், சிரங்கு ஆடும் கண்ணாமூச்சி. முதல் முறையாகச் சிரங்கு தொற்றும் ஒருவருக்கு உடனே அரிக்காது. அவருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் இந்த விருந்தாளியை அடையாளம் கண்டு கொதித்தெழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை அவர் நலமாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, நண்பர்களோடு ஒரே பாயில் படுப்பார், தோளில் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்குள் பரவ வேண்டியது பரவிவிடும். இரண்டாம் முறை தொற்றினால் நிலைமை வேறு. ஓரிரு நாளிலேயே அரிக்கத் தொடங்கிவிடும். உடல் மறக்கவில்லை.

விடுதி அறை ஒன்றில் நால்வர் இருக்கிறார்கள். ஒருவருக்கு அரிக்கிறது. அவர் மட்டும் கிளினிக்குக்குப் போய் மருந்து வாங்கித் தடவிக் குணமாகிறார். மற்ற மூவரில் ஒருவருக்கு ஏற்கெனவே தொற்றியிருக்கிறது, ஆனால் இன்னும் அரிக்கவில்லை. சில வாரங்களில் அவரிடமிருந்து முதலாமவருக்கே அது திரும்பி வரும். துணியை எத்தனை முறை வேகவைத்திருந்தாலும் இந்தச் சுற்று நிற்காது. அறையில் உள்ள எல்லாரும், வீட்டிலென்றால் குடும்பத்தார் எல்லாரும், அரித்தாலும் அரிக்காவிட்டாலும் ஒரே நாளில் மருந்து தடவிக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். வழக்கமாகத் தரப்படுவது 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு. கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, விரல் இடுக்கும் நகக்கண்ணும் விடாமல் தடவி, 8 முதல் 14 மணி நேரம் விட்டுவிட்டுக் குளிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

மருந்து வேலை செய்தபின்னும் 2 முதல் 4 வாரங்களுக்கு அரிப்பு நீடிக்கலாம். செத்த சிற்றுண்ணிகளும் முட்டை ஓடுகளும் தோலுக்குள்தானே கிடக்கின்றன. இது தெரியாமல், "இன்னும் அரிக்கிறதே" என்று மறுபடி துணியை வெந்நீரில் போடுபவர்களும், டெட்டால் ஊற்றிக் குளித்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்பவர்களும் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிரங்கு துப்புரவில்லாதவர்களுக்கு வரும் நோய் அல்ல. நாளுக்கு மூன்று வேளை குளிப்பவர் தோலும் சிற்றுண்ணிக்குத் தோல்தான். சுரங்கத்துக்குள் இருப்பதைச் சோப்பு நுரை தொடாது. கை குலுக்கும் சில விநாடிகளில் பொதுவாக இது பரவுவதில்லை. தோலோடு தோல் நெடுநேரம் ஒட்டியிருக்க வேண்டும். ஆகவே வகுப்பில் ஒதுக்கி வைப்பதால் ஒரே ஒரு விளைவுதான்: அடுத்து அரிக்கிறவர் வாய் திறக்க மாட்டார். உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. எந்த நேரத்திலும் உலகில் ஏறக்குறைய 20 கோடிப் பேருக்கு அது இருக்கிறது.

சரி, துணியை என்ன செய்வது?

ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று பொருளில்லை. துணி வழியாகத் தொற்றுவது அரிது, ஆனால் நடக்காததல்ல. மருந்து தடவும் நாளில், அதற்கு முந்திய 3 நாள்களில் உடுத்தியவை, துடைத்த துண்டு, படுக்கை விரிப்பு, தலையணை உறை ஆகியவற்றைக் கவனித்தால் போதும். அலமாரியில் ஒரு வாரமாக மடித்து வைத்திருக்கும் பள்ளிச் சீருடையைத் தொடவே வேண்டாம். அதில் ஏதாவது இருந்திருந்தாலும் எப்போதோ வற்றிப்போயிருக்கும்.

இங்கே நம் ஊர்ச் சலவையில் ஒரு சிக்கல். சிரங்குச் சிற்றுண்ணி 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 10 நிமிடம் இருந்தால் சாகும். நம் வீட்டுச் சலவை இயந்திரங்களில் பெரும்பாலானவை குழாய்த் தண்ணீரை அப்படியே எடுத்துக்கொள்பவை. அந்தத் தண்ணீர் 30 பாகையைத் தாண்டுவதே அபூர்வம். சோப்புத்தூளைக் கூடுதலாகப் போடுவதால் வெப்பம் கூடிவிடாது.

வேலையைச் செய்வது டிரையர். இப்போது எல்லாப் பட்டணங்களிலும் முளைத்திருக்கும் தானியங்கி டோபிக் கடைகளின் பெரிய டிரையர்களில் உயர்ந்த சூட்டில் அரை மணி நேரம் ஓடவிட்டால், துணி 50 பாகையை எளிதில் தாண்டும். கவனிக்க வேண்டியது, ஈரத்துணியின் சூடு முதலில் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது என்பது. துணி காய்ந்தபின்தான் அதன் வெப்பநிலை ஏறும். ஆகவே பாதி காய்ந்தவுடன் நிறுத்திவிடக் கூடாது. வீட்டில் அயர்ன் செய்வதும் பயன்படும்; தையல் மடிப்புகளில் நிறுத்தித் தேய்க்க வேண்டும். கொடியில் காயப்போடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் தடித்த போர்வையின் உள்மடிப்பு அந்தச் சூட்டை எட்டும் என்று நம்பியிருக்க முடியாது.

எல்லாவற்றையும்விட மலிவான வழி, ஒரு பிளாஸ்டிக் பை. துவைக்க முடியாத தலையணை, பொம்மை, காலணி, பள்ளிப்பை எதுவானாலும் பைக்குள் போட்டு வாயை இறுகக் கட்டி ஒரு வாரம் ஓரமாக வைத்துவிடுங்கள். பட்டினியும் வறட்சியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். விடுதியில் டிரையருக்குச் சில்லறை இல்லாத மாணவருக்கும் இது முடியும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. முதுமையாலோ வேறு நோயாலோ எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களுக்குத் தோல் தடித்துப் பொருக்குப் பொருக்காக உதிரும் ஒருவகைச் சிரங்கு வரும். அவர்கள் உடம்பில் இருப்பது பதினொன்று அல்ல; ஆயிரக்கணக்கில், சிலரிடம் லட்சக்கணக்கில். உதிரும் ஒவ்வொரு செதிலிலும் சிற்றுண்ணிகள் இருக்கும். அங்கே படுக்கைத் துணியும் நாற்காலியும்கூட நோய் பரப்பும். முதியோர் இல்லங்களில் சலவையை மிகக் கண்டிப்பாகச் செய்வது வீண் வேலை அல்ல.

துணியில் கடிப்பதெல்லாம் சிரங்கும் அல்ல. ஜன்னலோரத்திலோ குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்திலோ மைனாவோ புறாவோ கூடு கட்டியிருந்து, குஞ்சுகள் பறந்துபோன பிறகு வீட்டில் எல்லாருக்கும் திடீரென்று கடிபட்டால், பறவைச் சிற்றுண்ணிகளைச் சந்தேகியுங்கள். உணவு பறந்துவிட்டதால் அவை படையெடுத்து வந்திருக்கும். கூரைக்குள் எலி செத்தாலும் இதே கதை நடக்கும். இவற்றால் மனிதத் தோலில் குடியேற முடியாது. நூறு முறை துணி துவைத்தாலும் கூட்டை அகற்றாமல் கடி நிற்காது.

மெத்தை சுத்தம் செய்யும் விளம்பரங்களில் பூதம்போலப் பெரிதாக்கிக் காட்டப்படும் தூசிச் சிற்றுண்ணியோ கடிப்பதே இல்லை. அது தின்பது நம் உதிர்ந்த தோல் துகள்களை. அதன் கழிவுதான் ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டுகிறது. சிரங்குச் சிற்றுண்ணியால் முடியாததை இது செய்கிறது: நம் நாட்டின் ஈரக்காற்றிலிருந்தே நீரை எடுத்துக்கொள்கிறது. அதனால் பிளாஸ்டிக் பைத் தந்திரம் இதனிடம் எடுபடாது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்ட சலவை ஆய்வில், 55 பாகைக்கு மேற்பட்ட நீரில் இவை முற்றாக மடிந்தன. குளிர்ந்த நீரில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. ஆனால் ஒவ்வாமைப் பொருளில் பெரும்பகுதியைக் குளிர்ந்த நீரே கரைத்துக் கொண்டுபோய்விட்டது.

துணி உண்மையிலேயே முதல் வேலியாக நிற்பது இன்னொரு சிற்றுண்ணியிடம். அதன் கதையில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. புல்லிலும் புதரிலும் காத்திருந்து, கடந்து போகும் எலியின் மீதோ மனிதர் மீதோ தொற்றும் 'சிகர்' என்னும் இளம்புழு அது. 0.2 மில்லிமீட்டர் அளவு, ஆறே கால்கள், ஆரஞ்சு நிறம். காலுறையில் ஏறி, இடுப்புவார் இறுக்கும் இடம்போன்ற மடிப்புகளைத் தேடிப் போய்க் கடிக்கும். நம் வட்டாரத்தில் இவற்றில் சில வகைகள் 'ஸ்கிரப் டைஃபஸ்' என்னும் கடுமையான காய்ச்சலின் கிருமியைச் சுமக்கின்றன.

கோலாலம்பூரில் 1900இல் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், 1920களில் வில்லியம் ஃபிளெட்சர் முதலியோர், பட்டணத்துக் கடைத்தெருவில் வரும் டைஃபஸ் வேறு, செம்பனைத் தோட்டப் புதர்களில் வேலை செய்வோருக்கு வருவது வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். அந்நாளைய மலாயாத் தோட்டங்களில் புல் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் முன்னோர்களே. 1948இல் அதே கழகத்தில், அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மேடலின் குழு, அங்கிருந்த லூத்வெய்ட், சவூர் ஆகியோருடன் சேர்ந்து, குளோராம்ஃபெனிகால் என்னும் புதிய மருந்து இந்தக் காய்ச்சலைக் குணப்படுத்துவதைக் கண்டறிந்தது.

அதற்கு முன் மருந்து இல்லாத போர்க்காலத்தில், நியூகினிக் காடுகளில் இருந்த வீரர்களைக் காத்தது துணிதான். ஆஸ்திரேலிய ராணுவத்தின் பூச்சியியலாளர் மெக்கல்லக், டைபியூட்டில் தாலேட் என்னும் திரவத்தைச் சீருடையில் கையால் தேய்த்து விடும் முறையைக் கொண்டுவந்தார். அதன்மேல் நடந்த சிகர்கள் தோலை எட்டுமுன் செத்தன. வேறு மருந்துகள் துவைத்ததும் போய்விட, இது சில சலவைகளைத் தாங்கியது. இன்று அந்த இடத்தில் இருப்பது பெர்மெத்ரின். சிரங்குக் களிம்பில் உள்ள அதே பொருள், 0.5 விழுக்காட்டுத் தெளிப்பானாகத் துணிக்கு விற்கப்படுகிறது. அது துணிக்கு மட்டும்தான், தோலுக்கல்ல. ஈரமாக இருக்கும்போது வீட்டுப் பூனையை அதனருகே விடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு.

சாரணர் முகாமிலிருந்தோ காட்டுப் பயணத்திலிருந்தோ திரும்பினால், உடுத்தியிருந்ததைக் கட்டிலில் வீசாமல் நேரே டிரையருக்கு அனுப்பிவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுத்த, வலியில்லாத பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்தத் தேதியில் எந்தக் காட்டில் இருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.